திரைப்படங்களிலே தொழிற்றலைவர்

தனக்கு வேலை தருபவனை ஒருவன் குறிப்பிடுதற்குத் தமிழிலே பல சொற்கள் வழங்குகின்றன. முதலாளி என்னும் சொல் முதலை ஆள்பவன் எனப் பொருள்பட்டு உடைமையைச் சுட்டும். எசமான் என்பது வடமொழி வழிவந்தது. வேள்வித் தலைவனைக் குறித்த அச்சொல் காலப்போக்கில் வீட்டுத் தலைவனையும் வேலை கொள்வோனையும் குறிக்கலாயிற்று. துரை என்பது தலைவன், ஆள்வோன் என்னும் பொருள்களோடு நின்று, எமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே தோட்ட அதிகாரியின் பெயராய் நிலைத்தது. உடைமை, சடங்கின்வழி வந்த மேன்மை, ஆட்சி என்னும் மூன்றும் இச்சொற்களிற் பொதிந்துள்ளன. உடனிருந்து உழைப்பவன் என்னும் பொருள் இவற்றுள் ஒன்றிலேனும் இல்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

வேலைத்தலமும் ஆட்சியும் இவ்வாறு மக்கள் கருத்திற் பிணைந்து கிடத்தலின், திரைப்படக் கலைஞரும் தொழிற்றலைவனைப் படைக்கப் புகுந்தபோது அவனை அரசனாகவே கண்டனர். செங்கோலன், கொடுங்கோலன் என்னும் பழைய வார்ப்புகள் இரண்டும் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் பெயர்ந்தன. இவ்வார்ப்புகள் மனிதரிடையே உள்ள ஏற்றத்தாழ்வை விளக்குகின்றனவா, மறைக்கின்றனவா என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஐந்தாறு படங்களை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அவற்றுட் சிறந்தன எவை, அவை சிறந்தமைக்குக் காரணம் யாது என்பதைக் கூற முயல்வோம்.

நகர்சோதனை செய்யும் மன்னன்

இரவிலே மாறுவேடம் பூண்டு நகர்சோதனை செய்யும் மன்னன் நம் கதைகளிற் பழையவன். தான் கதவைத் தட்டியதால் ஓர் இல்லத்தில் விளைந்த ஐயத்தை நீக்கத் தன் கையையே குறைத்துக்கொண்ட பொற்கைப் பாண்டியன் கதையை அறியாதார் இலர். குடிகளின் துன்பத்தை மன்னன் கண்ணாற் காணின் அது தீர்ந்துவிடும் என்பது இத்தகைய கதைகளின் அடிப்படை நம்பிக்கை.

அந்நம்பிக்கை ஆலைக்குள்ளும் புகுந்தது. 1957இல் முக்தா சீனிவாசன் இயக்க, எஸ். எஸ். இராசேந்திரன் நடித்து வெளிவந்த 'முதலாளி' என்னும் தமிழ்ப்படத்திலே, ஆலைக்கு உரியவனே தன் அடையாளத்தை மறைத்துத் தன் ஆலையில் ஒரு தொழிலாளியாய் வேலை செய்கின்றான். மன்னன் மாறுவேடத்தில் வீதிவலம் வந்தமைக்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

இது தமிழர்க்கு மாத்திரம் உரிய மரபு என எண்ணற்க. பிறிட்ஸ் லாங் என்பார் ஜேர்மனியிலே இயக்கி, 1927இல் வெளியிட்ட 'மெற்றோபொலிஸ்' என்னும் ஊமைப்படத்திலும் இதுவே நிகழ்கின்றது. வானளாவிய மாடங்களில் வாழும் செல்வரும், நிலத்தின் கீழ் இயந்திரங்களோடு மாயும் தொழிலாளருமாய் ஒரு நகரம் இரண்டாய்ப் பிளந்து நிற்கின்றது. நகரத் தலைவனின் மைந்தன் பிறெடர் கீழே இறங்கி, பெயருக்குப் பதிலாக எண்ணாற் குறிக்கப்படும் ஒரு தொழிலாளியோடு உடையை மாற்றிக்கொண்டு, கடிகார முகம்போன்ற ஓர் இயந்திரத்தின் முன் நின்று உழைத்துத் தளர்கின்றான். வேலைநேரம் முடிகையில் அவன் படும் வேதனையைக் கண்டவர் எளிதில் மறவார்.

இவ்வளவு வன்மையாகப் பிளவைக் காட்டிய படம், முடிவில் அதனை எவ்வாறு தீர்க்கின்றது? தலைக்கும் கைக்கும் இடையே இதயம் நின்று இணைக்கவேண்டும் என்னும் அறிவுரையோடு, தலைவனின் கையையும் தொழிலாளர் மேற்பார்வையாளனின் கையையும் மைந்தன் பற்றிச் சேர்த்துவைக்கின்றான். நிலத்தின் கீழுள்ளோர் வாழ்வு மாறியதாகச் செய்தி இல்லை. வேலைநேரம் குறைந்ததாகவும் செய்தி இல்லை. லாங் தாமே பிற்காலத்தில் அம்முடிவிலே தமக்கு உடன்பாடின்மையைக் கூறியுள்ளார்.

மாறுவேடக் கதையின் குறை யாதென இப்போது தெளியலாம். தலைவன் அறியாமையாலேயே தீங்கு நிகழ்கின்றது என அது கொள்கின்றது. ஆதலின் அவன் அறிந்தவுடன் கதை முடிகின்றது. தொழிலாளி தன் குறையைத் தானே எடுத்துரைக்க வேண்டிய தேவை அங்கு இல்லை. அவனுக்காக மன்னனே நேரில் வந்து பார்த்துவிடுகின்றான். இரக்கம் மிகுந்த இக்கதைகளிலே தொழிலாளி பேச்சற்றவனாய் நிற்பது வியப்பன்று.

திரையிலே தோன்றும் முகம்

சார்ளி சப்ளினின் 'மொடேர்ண் ரைம்ஸ்' 1936இல் வெளிவந்தது. அதிலே ஆலைத்தலைவர் நல்லவருமல்லர், இதிகாசக் கொடியவருமல்லர். தம் அறையிலே அமர்ந்து துண்டுப்படங்களைப் பொருத்தி விளையாடுகின்றார். பத்திரிகையிலே சித்திரக்கதை படிக்கின்றார். செயலாளர் கொணர்ந்த நீரோடு மாத்திரை விழுங்குகின்றார். அவர் செய்யும் வேலை ஒன்றே: இயந்திரத்தின் வேகத்தை அதிகரிக்குமாறு இடையிடையே ஆணையிடுவது. தொழிலாளி கழிவறையிலே சற்றே இளைப்பாறிப் புகைபிடிக்க முற்பட்டால், அங்குள்ள சுவரிலே பெருந்திரையொன்றில் அவர் முகம் தோன்றி வேலைக்குத் திரும்புமாறு அதட்டுகின்றது.

இப்படத்தில் ஒரு நுட்பம் உண்டு. பேசும்படங்கள் பரவிவிட்ட காலத்தில் எடுக்கப்பட்டும், பெரும்பாலும் இது ஊமைப்படமாகவே அமைந்தது. மனிதர் குரல் கேட்பது ஏறத்தாழ இயந்திரங்களின் வாயிலாகவே. தலைவரின் குரல் திரைவழி வருகின்றது. விற்பனைக்காரரின் குரல் இசைத்தட்டுவழி வருகின்றது. தொழிலாளருக்குக் குரலே இல்லை. சார்ளி முடிவிலே பாடும் பாட்டும் எம்மொழிக்கும் உரியதல்லாத வெற்றொலிகளால் ஆனது. யார் பேசலாம், யார் கேட்கவேண்டும் என்னும் ஏற்றத்தாழ்வை ஒலியமைப்பினாலேயே உணர்த்திய திறம் போற்றற்குரியது.

உணவு நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தொழிலாளிக்குத் தானே ஊட்டிவிடும் இயந்திரம் ஒன்று சார்ளியின்மீது சோதிக்கப்படும் காட்சி யாவரும் அறிந்தது. இயந்திரம் பழுதாகி அவனை வதைக்கின்றது. அதனைத் தலைவர் ஒதுக்குவதற்குக் கூறும் காரணம், அது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதே. ஒரு மனிதன் வதைபட்டமை அக்கணக்கில் இடம்பெறவில்லை. நகைச்சுவையின் உள்ளே இத்தகைய கூர்மையை வைத்தல் பெருங்கலைஞர்க்கே இயலும்.

எனினும் இத்தலைவர் ஓர் உருவகம். அவருக்கு ஊரும் உறவும் இல்லை. விருப்பு வெறுப்பும் இல்லை. அவரைப் பார்த்து நகைக்கும் எவரும், ஓர் அலுவலகத்தில் நால்வருக்கு மேலாளராய் இருப்பவராயினும், தம்மை அவருள் காணமாட்டார். அங்கதத்தின் ஆற்றலும் எல்லையும் இதுவே.

நற்குணமுடையோன் செய்யும் அநீதி

இவ்வெல்லையைக் கடந்த படங்களுள் தலையாயது சத்யஜித் ராய் 1963இல் அளித்த 'மகாநகர்' என்பது எமது துணிபு. நரேந்திரநாத் மித்ரரின் கதையைத் தழுவிய இவ்வங்கப்படத்திற்காக, 1964இல் பேர்லின் திரைப்பட விழாவிலே சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடிப் பரிசு ராய்க்குக் கிடைத்தது.

கல்கத்தாவிலே வங்கி எழுதுவினைஞனாகிய சுப்ரதாவின் வருவாய் கூட்டுக்குடும்பத்திற்குப் போதாமையால், அவன் மனைவி ஆரதி வேலைக்குச் செல்கின்றாள். பின்னல் இயந்திரங்களை வீடுவீடாகச் சென்று விற்பது அவள் தொழில். முதியவரான மாமனார் இதனைப் பொறாது மருமகளோடும் மகனோடும் முகங்கொடுத்துப் பேச மறுக்கின்றார். கணவனும் முதலில் இசைந்து, பின் மனம் புழுங்குகின்றான். ஆரதியின் மேலாளர் முகர்ஜி. இவரைப் படைத்த விதமே நமது ஆராய்ச்சிக்கு உரியது.

முகர்ஜி கொடியவர் அல்லர். ஆரதியின் திறமையை உணர்ந்து மதிக்கின்றார். மேலும் பொறுப்பளிக்க விரும்புகின்றார். சுப்ரதாவின் வங்கி முறிந்து அவன் வேலை இழந்து நிற்கையில், அவனும் தம்மைப்போலக் கிழக்கு வங்கத்துப் பப்னாவைச் சேர்ந்தவன் என அறிந்து உவகையோடு பேசி உதவவும் முன்வருகின்றார். சொந்த ஊரை விட்டுப் பெருநகருக்கு வந்தவர் இருவர் தம்முள் ஊர்ப்பாசம் கொள்வதில் குற்றம் காண்பார் யார்?

ஆனால் அதே அலுவலகத்தில் எடித் என்னும் ஆங்கிலோ இந்தியப் பெண்ணும் வேலை செய்கின்றாள். நோயினால் வேலைக்கு வாராதிருந்த அவளை, ஒழுக்கமற்றவள் என ஐயுற்று முகர்ஜி வேலைநீக்கம் செய்கின்றார். அவளுடைய இனத்தவரைப் பற்றி அவர் முன்னரே கொண்டிருந்த கருத்து அன்றி வேறு சான்று எதுவும் அவரிடம் இல்லை. ஆரதி அவர் அறைக்குச் சென்று, எடித்திடம் மன்னிப்புக் கேட்குமாறு கோருகின்றாள். அவர் மறுக்கவே, கணவனுக்கு வேலையில்லை என்பதை அறிந்திருந்தும் தன் வேலையைத் துறக்கின்றாள்.

இங்கே ராய் கண்டுகாட்டிய உண்மை யாது? சுப்ரதாவுக்குக் கைகொடுக்க வந்த ஊர்ப்பாசமும் எடித்தை வெளியேற்றிய வெறுப்பும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. 'நம்மவர்' என்னும் எல்லைக்கோட்டின் உட்புறம் அவர் அருளாளர், வெளிப்புறம் கொடியவர். அக்கோட்டை வரைந்ததாக அவர் தாமே உணரவும் இல்லை. திருவள்ளுவர் தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்தில், அன்பு காரணமாகத் தகுதி அறியாது ஒருவரைத் தெளிதல் எல்லா அறியாமையையும் தரும் என எச்சரித்தார். அன்பினால் ஒருவரை ஏற்பதன் மறுபக்கம், அன்பின்மையால் இன்னொருவரைத் தள்ளுவது. அம்மறுபக்கத்தையே ராய் திரையில் வரைந்தார்.

இம்முடிவு நம்பத்தக்கதன்று என்று கூறுவோர் உளர். குடும்பமே தன்னை நம்பியிருக்க, வேற்றினத் தோழி ஒருத்திக்காக வேலையைத் துறப்பாளா என்பது அவர் வினா. இவ்வினாவுக்கு விடை படத்தின் முற்பகுதியிலேயே உள்ளது. கணவனின் மனம் நோகாதிருக்க வேலையை விட ஆரதி முன்னொருகால் இசைந்தாள். வங்கி முறிந்தமையால் அது நிகழாது போயிற்று. அன்று பிறர்பொருட்டு விடவிருந்த வேலையை இன்று தன் மனச்சான்றின்பொருட்டு விடுகின்றாள். வேலை அவளுக்குச் சம்பளத்தோடு ஒரு நிமிர்வையும் தந்திருந்தது. அந்நிமிர்வே அவளை மேலாளரின் மேசைமுன் நிற்கச் செய்தது. ஆதலின் முடிவு கதையின் உள்ளிருந்தே பிறந்ததாகும்.

குறையொன்று கூறுவதாயின், எடித்தின் உள்ளத்தை ராய் நமக்குப் போதிய அளவு காட்டவில்லை எனலாம். அநீதிக்கு ஆளானவள் அவள். எதிர்த்து நின்ற பெருமையோ ஆரதிக்குச் செல்கின்றது. தாழ்த்தப்பட்டோர் சார்பில் மற்றொருவர் பேசும் கதைகள் எல்லாவற்றுக்கும் இக்குறை உண்டு. ஆயினும் ஆரதி தன் முழு வாழ்வையும் பணயம் வைத்துப் பேசுகின்றாள் என்பதனால் அது பெரிதும் தணிகின்றது.

தலைவனாகும் விலை

மேலாளர் ஒருவர் எவ்வாறு உருவாகின்றார் என்பதை ராய் 1971இல் வெளியிட்ட 'சீமாபத்தா' என்னும் படத்தில் ஆராய்ந்தார். சங்கரின் நாவலைத் தழுவியது இது. பாட்னாவில் ஓர் ஆசிரியரின் மகனாய்ப் பிறந்த சியாமளேந்து, கல்கத்தாவிலே ஆங்கிலேயர் நிறுவிய கொம்பனி ஒன்றில் மின்விசிறிப் பகுதியின் விற்பனை மேலாளனாய் உயர்ந்துள்ளான். இயக்குநர் பதவி அவன் கண்முன் நிற்கின்றது. அவ்வேளையில் ஈராக்குக்கு ஏற்றுமதியாகவிருந்த விசிறிகளிலே பழுது கண்டுபிடிக்கப்படுகின்றது. குறித்த நாளில் அனுப்பத் தவறினால் கொம்பனிக்கு நட்டமும் அவனுக்கு இழுக்கும் நேரும். தொழிலாளர் விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரியோடு கலந்து, ஆலையிலே கலகம் ஒன்றை அவன் மறைவாக மூட்டுவிக்கின்றான். ஆலை மூடப்படுகின்றது, தாமதத்திற்கு ஏற்ற சாட்டு கிடைக்கின்றது. அக்கலகத்திலே காவற்காரன் ஒருவன் குண்டினாற் படுகாயமடைகின்றான். சியாமளேந்து இயக்குநர் ஆகின்றான்.

இக்கதையிலே வேலைநிறுத்தம் என்பது தொழிலாளரின் கருவியாய் இல்லாமல், மேலாளரின் கருவியாய் மாறுவதைக் காண்க. தொழிலாளரின் சினம் பொய்யன்று. அதை எப்போது கிளறவேண்டும் என்பதை மாத்திரம் மேலிருப்போர் தீர்மானிக்கின்றனர். ஆலையின் ஏற்றத்தாழ்வை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சிகள் அரியன.

பதவி உயர்வுற்று வீடு திரும்பும் சியாமளேந்து, மின்தூக்கி பழுதுபட்டிருப்பதைக் கண்டு, தான் வாழும் மேன்மாடத்திற்குப் படியேறிச் செல்கின்றான். படிதோறும் மூச்சு வாங்குகின்றது. உயர்வு என்னும் சொல்லை ராய் உடம்பினாலேயே உணரச் செய்கின்றார். பாட்னாவிலிருந்து விருந்தினளாய் வந்திருந்த மைத்துனி துத்துல், அவன் தனக்கு அணியத் தந்த கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு சொல்லும் பேசாது வைத்துவிடுகின்றாள். நீதிமன்றமும் தண்டனையும் இல்லை. அவனை மதித்த ஒருத்தியின் மதிப்பு நீங்கியது, அவ்வளவே. சட்டத்தாற் பிடிபடாத குற்றத்திற்கு இதனினும் கடிய தீர்ப்பு இல்லை.

மலைமேல் வீடு

யப்பானிய இயக்குநர் அகிரா குறோசாவாவின் 'சுவர்க்கமும் நரகமும்' என்னும் படமும் 1963இலேயே வெளிவந்தது. எட் மக்பெயின் என்னும் அமெரிக்க எழுத்தாளரின் நாவலைத் தழுவிய இப்படத்தில், பாதணிக் கொம்பனி ஒன்றின் நிர்வாகிகளுள் ஒருவர் கொண்டோ. சிறுவயதிலேயே பாதணி செய்யும் தொழிலிற் புகுந்து படிப்படியாய் உயர்ந்தவர். மலிவான, உழையாத பாதணிகளை விற்க முனையும் ஏனைய நிர்வாகிகளை எதிர்த்துக் கொம்பனியைத் தம் கைப்படுத்த எண்ணி, உள்ள சொத்தனைத்தையும் ஈடுவைத்துப் பணம் திரட்டியுள்ளார். அவ்வேளை, அவர் மகனெனக் கருதி அவருடைய சாரதியின் மகனை ஒருவன் கடத்திச் சென்று, மூன்று கோடி யென் கேட்கின்றான்.

தம் மகனெனக் கேட்டபோது தயங்காது கொடுக்க முன்வந்தவர், சாரதியின் மகனென அறிந்ததும் மறுக்கின்றார். இரு பிள்ளைகளின் உயிருக்கும் விலை ஒன்றா என்னும் கேள்வி அந்த அறைக்குள் நிற்கின்றது. சாரதியோ தரையிற் பணிந்து இரக்கின்றான். வேலை தருபவனிடம் பிள்ளையின் உயிரைப் பிச்சையாகக் கேட்கவேண்டிய அந்நிலையைக் குறோசாவா மிகைப்படுத்தாது காட்டியுள்ளார். முடிவில் கொண்டோ பணத்தைக் கொடுத்துப் பிள்ளையை மீட்கின்றார். கொம்பனியையும் வீட்டையும் இழக்கின்றார்.

பணப்பைகளிலே பொலிசார் தந்த அடையாளப் பொருளை மறைத்துத் தைக்கவேண்டி வருகையில், கொண்டோ தம் பழைய கருவிகளை எடுத்துத் தரையில் அமர்ந்து தாமே தைக்கின்றார். துரையாய் இருந்தவர் அக்கணத்தில் மீண்டும் தொழிலாளி ஆகின்றார். மாறுவேட மன்னன் தொழிலாளியின் உடையை அணிந்தான். கொண்டோவின் கைகளிலோ தொழிலே இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் பெரிது.

குறோசாவா அத்துடன் அமையவில்லை. கடத்தியவன் ஒரு மருத்துவப் பயிற்சியாளன். வெக்கை மிகுந்த தாழ்நிலத்து அறையிலிருந்து, மலைமேல் குளிரூட்டப்பட்ட அவ்வீட்டை நாள்தோறும் நோக்கி வெறுப்பை வளர்த்தவன். கொண்டோ நல்லவர் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருப்பினும் வேறுபாடு இராது. தலைவனின் நற்குணம் மலைக்கும் தாழ்நிலத்துக்கும் உள்ள தொலைவைக் குறைத்துவிடவில்லை என்னும் கசப்பான உண்மையோடு படம் முடிகின்றது. தாழ்நிலத்து மக்களைக் குறோசாவா பெரும்பாலும் பொலிசாரின் கண்கொண்டே பார்த்தார் என்னும் குறை இருப்பினும், அவ்வுண்மையைச் சொல்லத் துணிந்தமை அவர் பெருமை.

முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன சில. தலைவனைத் தெரியாத்தனமுள்ள நல்லரசனாகக் காட்டும் படம் ஏற்றத்தாழ்வைத் தகவற்குறையாகச் சுருக்குகின்றது. அவனை நகைப்புக்குரிய உருவகமாகக் காட்டும் படம் அமைப்பை விளக்குகின்றது. ஆயின் பார்ப்போரைக் குற்றத்தினின்றும் விடுவித்துவிடுகின்றது. முகர்ஜி, சியாமளேந்து, கொண்டோ என்னும் மூவரும் நம்மைப்போன்றோர். ஒருவர் தம்மவரிடம் அன்புடையவர்; ஒருவர் உழைத்து முன்னேறியவர்; ஒருவர் தொழிலை நேசித்தவர். இம்மூன்றும் நாம் நம் மாணாக்கரிடம் வளர்க்க விரும்பும் நற்பண்புகளே. அந்நற்பண்புகளை உடையோரும் அநீதி செய்யக்கூடும் என்று காட்டியமையாலேயே இப்படங்கள் உயர்ந்து நிற்கின்றன.

இஃது எமக்கு வெறும் இரசனைப் பொருள் அன்று. கல்லூரிகளிற் கற்று வெளியேறுவோருள் பலர் நாளை அதிகாரிகளாயும் அதிபர்களாயும் முகாமையாளர்களாயும் அமர்வர். ஊரும் சாதியும் சமயமும் மொழியும் படித்த பள்ளியும் 'நம்மவர்' என்னும் கோட்டை வரைவதற்கு என்றும் ஆயத்தமாய் உள்ளன. பழைய மாணாக்கர் என்னும் உறவே ஒருவருக்கு வாயிலைத் திறந்து, இன்னொருவருக்கு அடைத்துவிடவும் கூடும். அரசன் குடிகளால் எளிதில் அணுகத்தக்கவனாயும் கடுமொழி கூறாதவனாயும் இருத்தல் வேண்டும் என இறைமாட்சியில் வள்ளுவர் விதித்தார். முகர்ஜி ஆரதிக்கு அணுகத்தக்கவராயும் இன்சொல்லினராயுமே இருந்தார். அவ்விலக்கணம் தன்னவனல்லாத ஒருத்தியிடத்தும் பொருந்துகின்றதா என்று வினவுதலே உரைகல்.

ஒரு படத்தில் தலைவன் எத்துணை நல்லவனாய்க் காட்டப்படுகின்றான் என்பதைக் கொண்டு அப்படத்தை மதிப்பிடுதல் போதாது. அவன் அறையின் கதவுக்கு வெளியே நிற்பவர் யார், அவர்க்குப் பேச இடம் உண்டா, பேசினால் அவர் இழப்பது யாது என்பவற்றையும் நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கிப் பழகிய கண், திரையரங்கை விட்டு நீங்கிய பின்னரும் தன் அலுவலகத்தை அவ்வாறே நோக்கும்.